கட்டணம் இல்லாமல் தொடங்கிய மொண்டிசோரி

கற்பிட்டி முதல் சிலாபம் வரை கரையோர ஊர்கள் பலவற்றில் 'மொண்டிசோரி' என்ற பலகை தொங்குகிறது. அது ஒரு பெண்ணின் பெயர் என்பது அங்கே பிள்ளையைச் சேர்க்கப் போகும் பெற்றோர் பலருக்குத் தெரியாது.

மரியா மொண்டிசோரி 1870 ஓகஸ்ட் 31ஆம் திகதி இத்தாலியில் பிறந்தார். பெண்கள் வைத்தியம் படிப்பதைச் சமூகம் விரும்பாத காலத்தில், 1896இல் ரோம் பல்கலைக்கழகத்தில் வைத்தியப் பட்டம் பெற்றார்.

ரோமின் சான் லொரென்சோ ஏழைத் தொழிலாளர் குடியிருப்பு. தாயும் தகப்பனும் வேலைக்குப் போனபின் சின்னப் பிள்ளைகள் மாடிப்படிகளில் ஓடித் திரிந்து சுவர்களை நாசமாக்கினார்கள். கட்டடத்தைப் புதுப்பித்த நிறுவனம் சுவரைக் காப்பாற்றத்தான் ஓர் அறையை ஒதுக்கியது! 1907 ஜனவரி 6இல் அந்த அறையில் சுமார் 50 பிள்ளைகளோடு 'சிறுவர் இல்லம்' தொடங்கியது. பெற்றோர் ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. பிள்ளையைச் சுத்தமாக அனுப்ப வேண்டும், ஆசிரியையை மதிக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. வயதுவாரியாகப் பிரிக்காமல் எல்லோரும் ஒரே அறையில் இருந்தார்கள். பெரிய பிள்ளையைப் பார்த்துச் சின்னப் பிள்ளை படித்தது.

தன் மகன் மரியோவை மட்டும் அவர் வளர்க்கவில்லை. திருமணமாகாமல் பிறந்த பிள்ளை என்பதால் கிராமத்துக் குடும்பமொன்றிடம் விட்டிருந்தார். இதை மறைத்து அவரைப் புகழ்வது சரியல்ல.

முசோலினி ஆட்சியோடு முரண்பட்டு, இத்தாலியில் அவரது பாடசாலைகள் மூடப்பட்டன. கத்தோலிக்கரான அவரை 1939இல் சென்னைக்கு அழைத்தது அடையாறு பிரம்மஞான சபை. அங்கே சுமார் 300 ஆசிரியர்கள் அவரிடம் பயின்றார்கள். 1944இல் இலங்கைக்கும் வந்து பயிற்சி நடத்தினார். 1952 மே 6இல் நெதர்லாந்தில் காலமானார்.

இன்று நம் நாட்டில் இலவசக் கல்வி முதலாம் தரத்தில்தான் தொடங்குகிறது. அதற்கு முந்திய வருடங்கள் பெரும்பாலும் தனியாரிடமும் மத, தொண்டு அமைப்புகளிடமும் விடப்பட்டுள்ளன. கட்டணம் கட்ட முடியாத மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு மொண்டிசோரி வெறும் பலகைதான். புத்தளக் கரையில் முஸ்லிம்கள், கத்தோலிக்கர்கள், இந்துக்கள், பௌத்தர்கள், 1990இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு வந்தவர்கள் எல்லோரும் பக்கத்தில் பக்கத்தில் வாழ்கிறோம். பிள்ளைகளோ மூன்று வயதிலேயே மதவாரியாகவும் மொழிவாரியாகவும் பிரிந்துவிடுகிறார்கள்.

கலிமாவும் துஆவும் சின்ன வயதிலேயே படிய வேண்டும் என்ற பெற்றோரின் கவலை நியாயமானது. அதற்கு வீடும் மாலை மத்ரஸாவும் இருக்கின்றன. காலையில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் ஒன்றாக இருக்க, கட்டணமில்லாத பொது முன்பள்ளி ஒன்று வேண்டும். ஜனவரிச் சேர்க்கைக்கு முன் நமது பிரதேச சபை உறுப்பினர்களிடம் கேட்க வேண்டியது ஓர் அறையும் பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியையும்தான்.