செங்கோட்டை ஆவுடை அக்காள்

எங்க குழுவில் தீர்மான நோட்டும் கணக்கு நோட்டும் எழுதுறது நான்தான். படிப்பு பத்தாவதோட நின்னு போச்சு. மலருக்கு ஒரு பெரியவர் வாழ்க்கை வரலாறு எழுதித் தரச் சொன்னாங்க. மத்த குழுக்காரங்க முத்துலட்சுமி ரெட்டி, அன்னை தெரசா, கலாம் ஐயான்னு எடுத்துக்கிட்டாங்க. நான் நம்ம மண்ணுல பிறந்த ஆவுடை அக்காளை எடுத்துக்கிட்டேன். செங்கோட்டைக்காரங்களுக்கே பாதிப் பேருக்கு இவங்களைத் தெரியாது. எனக்கும் ரெண்டு வருஷத்துக்கு முன்னால தெரியாது.

மகளுக்குப் பள்ளிக்கூடத்துல பேச்சுப்போட்டி வந்துச்சு. நம்ம ஊர்ப் பெண்கள் யாரைப் பத்தியாவது பேசணும்னு நூலகத்துல தேடினப்ப, திருக்கோயிலூர் ஞானானந்த தபோவனத்தார் 2002-ல் போட்ட அக்காள் பாடல் திரட்டு கிடைச்சுது. தடிமனான புத்தகம். பாதி வார்த்தை எனக்குப் புரியலை, சமஸ்கிருதம் கலந்து இருக்கு. செங்கோட்டையில ஓய்வு பெற்ற டீச்சர் ஒருத்தங்கதான் பக்கத்துல உக்காந்து சொல்லித் தந்தாங்க. மகள் பேசி முடிச்சு ஆறுதல் பரிசும் வாங்கிட்டா. நான்தான் புத்தகத்தை விட முடியாம வச்சிருந்தேன். அதுக்குக் காரணம் எங்கம்மா. அதைப் பின்னால சொல்றேன்.

அக்காள் வாழ்ந்து முன்னூறு வருஷம் இருக்கும். பிராமண வீட்டுப் பிள்ளை. அந்தக் காலத்து வழக்கப்படி விவரம் தெரியாத வயசுல கல்யாணம் பண்ணி வச்சாங்க. விவரம் தெரியறதுக்குள்ள அந்தப் பையன் இறந்து போயிட்டான். தனக்கு என்ன நடந்துச்சுன்னே அந்தப் பிள்ளைக்குப் புரியலை. ஆனா ஊருக்குப் புரிஞ்சுது. இனிமே அந்தப் பிள்ளைக்குப் பூ இல்லை, பொட்டு இல்லை, நல்ல காரியத்துல எதிரே வரக் கூடாது. வயசுக்கு வந்த பிறகு இன்னும் மோசம். தலைமுடியை எடுத்துட்டு, வீட்டுக்குள்ள ஒரு மூலையில இருத்திடுவாங்க. விதவை மறுமணச் சட்டம் 1856-லயும், குழந்தைக் கல்யாணத்தைத் தடுக்கிற சட்டம் 1929-லயும்தான் வந்துது. அதுக்கெல்லாம் ரொம்பக் காலம் முந்தின கதை இது.

இதுல ஒருத்தங்களை நான் மறக்க மாட்டேன், அக்காளோட அம்மா. ஊர் பேசினதைப் பொருட்படுத்தாம, மகளுக்கு வீட்டுக்குள்ளயே படிப்புச் சொல்லிக் கொடுக்க ஏற்பாடு பண்ணினதாச் சொல்லுவாங்க. அந்த அம்மா பேர் கூட நமக்கு வந்து சேரலை. சென்னையில சகோதரி சுப்புலட்சுமின்னு ஒருத்தங்க, அவங்களும் பால்ய விதவைதான், 1911-ல பட்டம் வாங்கி, மறு வருஷமே தன்னை மாதிரிப் பிள்ளைகள் படிக்க விடுதி தொடங்கினாங்க. அக்காளுக்கு ஏறக்குறைய இருநூறு வருஷம் கழிச்சு. அதுவரைக்கும் நம்ம பக்கத்துல ஒரு விதவைப் பிள்ளை கையில ஏடு இருந்துச்சுன்னா, அதுக்குப் பின்னால இப்படி ஒரு அம்மாதான் இருந்திருப்பாங்க.

ஒரு நாள் அக்காள் இருந்த தெருவுக்கு ஸ்ரீதர வெங்கடேச அய்யாவாள்னு ஒரு மகான் வந்தாங்க. கும்பகோணம் பக்கம் திருவிசநல்லூர் அவங்க ஊர். அவங்களைப் பத்தி ஒரு கதை தஞ்சாவூர்ப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். வீட்டுல திதி நடக்குற அன்னைக்கு, தாழ்த்தப்பட்டவர்னு ஒதுக்கி வச்ச ஒரு ஏழை பசியோட வந்து நின்னாராம். திதிச் சாப்பாட்டை எடுத்து அவருக்குப் போட்டுட்டாங்க அய்யாவாள். ஊர்ப் பிராமணர்கள் கோபப்பட்டு, கங்கையில முழுகிட்டு வந்தால்தான் சேர்த்துக்குவோம்னு சொல்லிட்டாங்க. கங்கைக்கு எங்க போறது? அவங்க வீட்டுக் கிணத்துலயே கங்கை பொங்கி வந்துச்சாம். இன்னைக்கும் கார்த்திகை அமாவாசைக்கு அந்தக் கிணத்துல குளிக்க அவ்வளவு கூட்டம் வருது.

ஊரால தள்ளி வைக்கப்பட்டவங்க அந்த அய்யாவாள். வாசலுக்கு வரவே கூடாதுன்னு வச்சிருந்த பொண்ணு, அவங்க வந்தப்ப வெளியே வந்து கால்ல விழுந்துட்டாங்க. அவங்களும் ஒதுக்காம உபதேசம் கொடுத்தாங்க. அதுக்கப்புறம் சும்மா இருக்குமா ஊர்? அக்காளைச் சாதியை விட்டுத் தள்ளி வச்சாங்க. அக்காள் ஊரை விட்டே கிளம்பிட்டாங்க. கோயில் கோயிலாப் போய்க் கடைசியில திருவிசநல்லூருக்கே போய்ச் சேர்ந்தாங்க. அங்கேயும் மத்த சீடர்களுக்கு ஒரு பொம்பளையைக் கூட வச்சிக்கிறது பிடிக்கலையாம். ஒரு தடவை காவிரி மணல் திட்டுல அக்காள் கண்ணை மூடித் தியானத்துல உக்காந்திருக்க, வெள்ளம் வந்து, அந்தத் திட்டை மட்டும் விட்டு ரெண்டாப் பிரிஞ்சு ஓடினதாக் கதை. நம்புறதும் நம்பாததும் அவங்கவங்க இஷ்டம். அதுக்கப்புறம் யாரும் வாயைத் திறக்கலைன்னு சொல்லுவாங்க, எனக்கு அது போதும்.

அய்யாவாள் என்ன சொல்லிக் கொடுத்தாங்க? அதுக்குப் பேரு அத்வைத வேதாந்தம். பேரைக் கேட்டு யாரும் பயப்படாதீங்க. நம்ம பாஷையில சொல்றேன். நாம எல்லாரும் ஒரு தடவையாவது வங்கியில நகைக்கடன் வச்சிருக்கோம். மதிப்பீட்டாளர் கையில கொடுத்தா, அவர் அது தாலியா, தோடா, மோதிரமான்னு பார்த்தா விலை சொல்றார்? கல்லுல உரசிப் பார்ப்பார், எடை போடுவார். அவருக்கு எல்லாம் தங்கம். உருவமும் பேரும் நாம வச்சது. அதே மாதிரி, பொண்ணு, ஆணு, சுமங்கலி, விதவை, மேல் சாதி, கீழ் சாதி எல்லாம் உருவம். உள்ளே இருக்குறது ஒண்ணேதான், அதுக்குக் கூடுதல் குறைச்சல் கிடையாது. தங்கமும் நகையும்ங்கிற உதாரணம் வேதாந்தத்துல ரொம்பப் பழசுன்னு டீச்சர் சொன்னாங்க, மதிப்பீட்டாளரை மட்டும் நான் சேர்த்தேன். தாலி போனதுனால எல்லாம் போச்சுன்னு சொல்லி ஒரு சின்னப் பிள்ளையை மூலையில வச்சிருந்தாங்களே, அந்தப் பிள்ளை காதுல இது விழுந்தா எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க. நீ யாருங்கிறதை இவங்க முடிவு பண்ணலை, அது எப்பவோ உனக்குள்ள இருக்குன்னு சொன்ன மாதிரி இல்லையா?

அக்காள் அதோட நிறுத்தலை. தான் படிச்சதைப் பாட்டாக் கட்டினாங்க. அந்தப் படிப்பெல்லாம் சமஸ்கிருதத்துல, ஆம்பளைங்ககிட்ட இருந்துது. அக்காள் அதை அடுப்படிக்குக் கொண்டு வந்தாங்க. கும்மி, அம்மானை, கப்பல் பாட்டு, சோபனம்னு பொம்பளைங்க ஏற்கெனவே பாடிக்கிட்டிருந்த மெட்டுலயே வேதாந்தத்தைப் போட்டாங்க. எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் மாவு அரைச்சுக்கிட்டும் வேலை செஞ்சுக்கிட்டும் பாடிப் பாடியே மனப்பாடம் பண்ணினாங்க. முக்கியமா, தலை மழிச்ச விதவைகள். அவங்கதான் ஒருத்தர் வாயிலிருந்து ஒருத்தர் வாய்க்குன்னு முன்னூறு வருஷம் காப்பாத்தினது. பள்ளிக்கூடமே இல்லாத ஒரு பள்ளிக்கூடம். நம்ம குழுவுல கைநாட்டு வச்சுக்கிட்டிருந்த அக்காமார் கையெழுத்துக்கு வந்தது எப்படி? ஒருத்தி கையைப் பிடிச்சு இன்னொருத்திதானே சொல்லித் தந்தோம்.

அக்காள் பாட்டுல எனக்குப் பிடிச்சது சூடாலைக் கும்மி. ஞானவாசிட்டத்துல வர்ற கதை. ராஜாவும் ராணியும் சேர்ந்துதான் ஞானம் தேடுறாங்க. ராணி சூடாலைக்கு முதல்ல கிடைச்சுடுது. அதைச் சொன்னா ராஜா நம்ப மாட்டேங்கிறார், ஒரு பொம்பளைக்கு என்ன தெரியும்னு. பின்னால காட்டுக்குத் தவம் பண்ணப் போயிடுறார். ராணி நாட்டையும் ஆண்டுக்கிட்டு, ஒரு பிராமணப் பையன் வேஷம் போட்டுக் காட்டுக்கும் போய், புருஷனுக்குப் பாடம் நடத்துறா. பையன் சொன்னதும் ராஜாவுக்கு எல்லாம் புரிஞ்சு போகுது! இதைக் குழுக் கூட்டத்துல சொன்னப்ப எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. நாம பத்து தடவை சொன்னதை வெளியாள் ஒருத்தர் வந்து சொன்னா மட்டும் தலையாட்டுற வீடு நமக்குத் தெரியாததா?

தீட்டைப் பத்தியும், எச்சிலைப் பத்தியும் அக்காள் பாடியிருக்காங்க. முன்னூறு வருஷத்துக்கு முன்னால! எந்த உதிரத்திலிருந்து இந்த உடம்பே உண்டாச்சோ, அதைத் தீட்டுன்னு தள்ளினா உடம்புல மிச்சம் என்ன இருக்குங்கிற மாதிரி ஒரு கேள்வி. படிச்சப்ப எனக்கே கொஞ்சம் கூச்சமாத்தான் இருந்துச்சு. டீச்சர் கூச்சப்படாம விளக்கினாங்க. மாசத்துல மூணு நாள் குழுக் கூட்டத்துக்கு வந்து நடுவீட்டுக்குள்ள உக்காராம திண்ணையில உக்காருறவங்க நம்மளிலயே இருக்காங்க. பேரைச் சொல்லலை.

ஒரு விஷயம் எனக்கு நெருடலா இருக்கு, அதையும் எழுதிடறேன். இந்தப் பாட்டெல்லாம் அக்ரகாரத்துக்குள்ளயே சுத்திக்கிட்டு இருந்துச்சு. எங்க தெருவுக்கு வரலை. எல்லாருக்குள்ளயும் இருக்குறது ஒண்ணுன்னு உள்ளே பாட்டுப் பாடிக்கிட்டிருந்தப்ப, எங்க ஆச்சி அந்தத் தெருவுல செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு நடந்தவங்க. இதுக்கு அக்காள் மேல குத்தம் சொல்ல மாட்டேன், அவங்களையே தள்ளி வச்ச ஊர்தானே. ஆனா பாட்டு வேற, பழக்கம் வேறயா இருந்துச்சுங்கிறது நிஜம். டீச்சர் இதைக் கேட்டுட்டு ஒண்ணும் பேசலை. மறு நாள் அவங்க கைப்படக் கும்மியை எழுதி எங்கம்மாகிட்டக் கொடுத்துவிட்டாங்க.

பின்னால அக்காள் செங்கோட்டைக்கே திரும்பி வந்தாங்க. தள்ளி வச்ச அதே ஊர் இப்பப் பெரியவங்கன்னு கும்பிட்டுச்சு. பெண்கள் சுத்தி உக்காந்து பாடம் கேட்டாங்க. ஒரு ஆடி அமாவாசை அன்னைக்குக் குற்றாலத்துக்குப் போய் அருவியில குளிச்சுட்டு, மலை மேல ஏறிப் போனாங்களாம். திரும்பி வரலை. உடம்பும் கிடைக்கலை. அவங்க எங்கே அடங்கினாங்கன்னு காட்ட ஒரு சமாதி கிடையாது.

பாட்டு மட்டும் கிடைச்சுது. போன நூற்றாண்டுல, தென்காசிப் பக்கத்து ஆய்க்குடியைச் சேர்ந்த வெங்கடராம சாஸ்திரிகள்னு ஒருத்தர், பழைய ஏடு, நோட்டு வச்சிருந்தவங்க, மனப்பாடமாத் தெரிஞ்ச வயசான பெண்கள்னு தேடித் தேடிப் போய்ச் சேகரம் பண்ணினார். அவர் அலையலைன்னா அந்தப் பாட்டிமாரோடயே போயிருக்கும். தில்லியில தத்துவம் கற்பித்த காஞ்சனா நடராஜன் அம்மா இங்கிலீஷ்ல மொழிபெயர்த்து 2012-ல புத்தகமா வந்திருக்கு.

இப்ப எங்கம்மா கதை. நான் பத்தாவது படிக்கிறப்ப எங்கப்பா இறந்துட்டாங்க. அம்மா பீடி சுத்தி எங்க மூணு பேரையும் வளர்த்தாங்க. நம்ம குழு ஆரம்பிச்ச நாள்ல இருந்து உறுப்பினர், ஒரு தவணை பாக்கி வச்சதில்லை. போன ஆண்டு விழாவுல குத்துவிளக்கு ஏத்துறப்ப மூத்த உறுப்பினர்னு அம்மா பேரைக் கூப்பிட்டாங்க. அம்மா எழுந்துட்டாங்க. அதுக்குள்ள பக்கத்துல யாரோ, சுமங்கலி யாராவது வாங்கன்னு சொன்னாங்க. அம்மா ஏதோ தண்ணி குடிக்கப் போற மாதிரி அப்படியே பின்னால நகர்ந்து போயிட்டாங்க. மைக் என் கையில இருந்துச்சு. நான் ஒரு வார்த்தை சொல்லலை. அடுத்த பேரைக் கூப்பிட்டேன்.

இந்த ஆடி அமாவாசைக்கு அப்பாவுக்குத் திதி கொடுக்கக் குற்றாலம் போனோம். பேரருவிக்கரையில நிக்க இடமில்லாத கூட்டம். அம்மாவுக்கு மலையைக் காட்டி, அக்காள் இந்த வழியாத்தான் ஏறிப் போயிருப்பாங்கன்னு சொன்னேன். செண்பகாதேவிக்குப் போற வழியில வனத்துறை இப்ப விடுறதில்லை, கீழே நின்னுதான் பார்த்தோம். அம்மா ரொம்ப நேரம் பார்த்துட்டு, அவளுக்கு அப்ப என்ன வயசு இருக்கும்னு மட்டும் கேட்டாங்க. எனக்குத் தெரியலை.

இந்த மலர் வெளியிடுற அன்னைக்கும் குத்துவிளக்கு உண்டு. முதல் திரியை எங்கம்மா ஏத்தணும்னு குழுவுல சொல்லித் தீர்மான நோட்டுல எழுதிட்டேன். பத்துப் பேர் கையெழுத்துப் போட்டாங்க, ரெண்டு பேர் யோசிச்சுச் சொல்றேன்னாங்க. அம்மா இன்னும் சரின்னு சொல்லலை. சூடாலைக் கும்மியில பாதி வரைக்கும் மனப்பாடம் ஆயிடுச்சு அவங்களுக்கு, பீடி சுத்துறப்ப முணுமுணுக்குறாங்க.