நிரபராதி என்ற தீர்ப்பு மட்டும் போதுமா?

குற்றம் செய்யாதவர் குற்றவாளியாக நிறுத்தப்படுவது இன்று நேற்றுத் தொடங்கிய கொடுமையன்று. விசாரணையின்றி வெட்டுண்ட கோவலனின் கதை தமிழரின் நினைவில் நிலைத்தது. வீண்பழியால் சிறைவாசம் அனுபவித்த யூசுஃப் நபி (அலை) அவர்கள், மன்னர் அழைத்தபோதும் பழியின் உண்மை விசாரிக்கப்பட வேண்டும் என்று கேட்ட பின்னரே வெளிவந்த வரலாற்றை முஸ்லிம்கள் அறிவர். கடந்த நூற்றாண்டில் இதே துன்பத்தை அனுபவித்த ஒருவரே எம்.கே. தியாகராஜ பாகவதர்.

1910 ஆம் ஆண்டு மயிலாடுதுறையில் பிறந்து திருச்சியில் வளர்ந்த பாகவதர், நாடக மேடையிலிருந்து 1934 இல் 'பவளக்கொடி' மூலம் திரைக்கு வந்தார். 1944 ஒக்டோபரில் வெளியான 'ஹரிதாஸ்' சென்னையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. ஆனால் அதன் முதல் தீபாவளி முடிந்து சில வாரங்களிலேயே பாகவதரின் வாழ்வு தலைகீழாக மாறியது.

திரையுலகினரைப் பற்றி அவதூறு எழுதிவந்த பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன், 1944 நவம்பர் 8 ஆம் திகதி சென்னை வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். அந்த எழுத்தால் எழுந்த பகையே கொலைக்குக் காரணம் என்று கூறி, டிசம்பர் இறுதியில் பாகவதரும் நகைச்சுவை நடிகர் என்.எஸ். கிருஷ்ணனும் கைது செய்யப்பட்டனர். 1945 மே மாதம், யூரிமார் முன் நடந்த விசாரணையின் முடிவில் இருவருக்கும் ஆயுட்காலத் தீவாந்தர தண்டனை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டையும் சென்னை உயர் நீதிமன்றம் அவ்வாண்டு ஒக்டோபரில் நிராகரித்தது.

அத்துடன் எல்லாம் முடிந்தது என்றே பலரும் எண்ணினர். எனினும் பாகவதர் தரப்பு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. மேன்முறையீட்டை மீண்டும் விசாரிக்குமாறு அது வழக்கைத் திருப்பியனுப்பியது. பாரிஸ்டர் வி.எல். எத்திராஜ் வாதாட, 1947 ஏப்ரலில் இருவரும் நிரபராதிகள் என விடுவிக்கப்பட்டனர். கைதுக்கும் விடுதலைக்கும் இடையில் ஏறத்தாழ 28 மாதங்கள் கடந்திருந்தன.

கிருஷ்ணன் மீண்டும் திரையுலகில் கால் ஊன்றினார். பாகவதருக்கோ அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. அவர் தயாரித்து நடித்த 'ராஜமுக்தி' 1948 இல் தோல்வியடைந்தது. அடுத்து வந்த படங்களும் பழைய புகழை மீட்டுத் தரவில்லை. நோயால் நலிந்த அவர் 1959 நவம்பர் 1 ஆம் திகதி, 49 ஆவது வயதில் காலமானார். நீதிமன்றம் சுதந்திரத்தைத் திருப்பித் தந்தது. இழந்த காலத்தை எவராலும் திருப்பித் தர முடியவில்லை.

புகழும் பொருளும் படைத்தவருக்கே இந்நிலையெனில், துணுக்காயின் ஒரு சிற்றூரிலிருந்து கைதாகும் கூலித் தொழிலாளியின் நிலை என்ன? 1979 இல் தற்காலிகமாகக் கொண்டுவரப்பட்டு 1982 இல் நிரந்தரமாக்கப்பட்ட பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் கீழ் தமிழ் இளைஞர் பலர் ஆண்டுக்கணக்கில் சிறையிருந்தனர். 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலின் பின்னர் அதே அனுபவம் முஸ்லிம்களுக்கும் நேர்ந்தது. 1990 இல் வடபுல முஸ்லிம்கள் அனைவரும் ஆயுதமேந்தியோரால் வெளியேற்றப்பட்டமை, ஒரு சமூகமே விசாரணையின்றித் தண்டிக்கப்பட்டதன்றி வேறென்ன?

ஆகவே, பழி சுமத்தப்பட்டவரும் குடும்பத்தினரும் செய்ய வேண்டியவற்றை அறிந்திருத்தல் அவசியமாகும். கைதுக்கான காரணத்தை அறியும் உரிமையும், குற்றம் நிரூபிக்கப்படும் வரை நிரபராதியாகக் கருதப்படும் உரிமையும் அரசியலமைப்பின் 13 ஆவது உறுப்புரையில் உள்ளன. வாசித்து விளங்காத எந்தத் தாளிலும் கையொப்பமிடலாகாது. கைது செய்தவர், நேரம், இடம் ஆகியவற்றை உடனே குறித்துவைத்துச் சட்டத்தரணியை நாட வேண்டும். வசதியற்றோர் சட்ட உதவி ஆணைக்குழுவை அணுகலாம். அடிப்படை உரிமை மீறல் மனுவை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அக்காலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கு விசாரணை நடைபெறும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது.

அயலவருக்கும் ஒரு கடமையுண்டு. கைதானவரின் வீட்டுப் படலையை மிதிக்க அஞ்சி விலகி நடப்பது, நீதிமன்றத்துக்கு முன்பே நாம் வழங்கும் தீர்ப்பாகும். அந்தத் தீர்ப்புக்கு மேன்முறையீடும் இல்லை.