முப்பதாண்டு தேடிய பல் மருத்துவர்

இரசாயனம் பயிலும் நமக்கு மூலகங்களைக் கண்டறிந்தோரின் பெயர்கள் மனப்பாடம். ஆனால் அன்றாடம் பல் துலக்கும் பசையில் புளோரைடு எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதை எண்ணிப் பார்ப்பவர் நம்மில் எத்தனை பேர்? அந்த வரலாற்றின் தொடக்கத்தில் நிற்பவர் பிரெடெரிக் மெக்கே என்னும் அமெரிக்கப் பல் மருத்துவர்.

1874-இல் பிறந்த மெக்கே, பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, 1901-இல் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் தொழில் தொடங்கினார். அங்கே பிறந்து வளர்ந்தவர் பலருடைய பற்களில் பழுப்புக் கறை படிந்திருந்தது. எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது. பன்றி இறைச்சி தின்பதால் வருகிறது என்றனர் சிலர். கெட்ட பாலால் வருகிறது என்றனர் வேறு சிலர். ஊர் அதற்குப் பழகிவிட்டது. மெக்கே மட்டும் பழக மறுத்தார். உள்ளூர் மருத்துவர்களோ அவர் பேச்சில் அக்கறை காட்டவில்லை.

1909-இல் ஜி. வி. பிளாக் என்னும் புகழ்பெற்ற பல் மருத்துவ அறிஞர் நேரில் வந்து கண்டார். அவ்வூரில் பிறந்த குழந்தைகளில் பத்துக்கு ஏறத்தாழ ஒன்பது பேருக்குக் கறை இருந்தது. இருவரும் சேர்ந்து இரண்டு உண்மைகளைக் கண்டனர். பல் உருவாகும் இளம்பருவத்திலேயே கறை ஏற்படுகிறது. முற்றிய பல்லை அது தீண்டுவதில்லை. இரண்டாவது உண்மைதான் பெரும் வியப்பு: கறைபட்ட பற்கள் எளிதில் சொத்தையாவதில்லை!

1915-இல் பிளாக் மறைந்தார். மெக்கே தளரவில்லை. 1923-இல் ஐடஹோ மாநிலத்து ஓக்லி என்னும் சிற்றூருக்குச் சென்றார். வெந்நீர் ஊற்றொன்றிலிருந்து குழாய் போட்ட பின்னரே கறை வந்ததென்று பெற்றோர் கூறினர். நீரைச் சோதித்தார், ஒன்றும் அகப்படவில்லை. ஆயினும் வேறு ஊற்றுக்கு மாறும்படி அறிவுரை சொன்னார். ஊரார் மாறினர், சில ஆண்டுகளில் இளங்குழந்தைகளுக்குக் கறையில்லாத பற்கள் முளைத்தன. காரணம் நீரில்தான் என்பது உறுதியாயிற்று. ஆனால் நீரில் இருப்பது எது?

விடை 1931-இல் கிடைத்தது. அலுமினியக் கம்பெனிக்குச் சொந்தமான பாக்சைட் என்னும் ஊரிலும் இதே கறை. பழி அலுமினியத்தின் மேல் விழுமோ என்றஞ்சிய அக்கம்பெனியின் தலைமை இரசாயனர் சர்ச்சில், அவ்வூர் நீரை நிறமாலைக் கருவியால் ஆராய்ந்தார். மிகுதியாக இருந்தது புளோரைடு! பிறகு டீன் என்பவர், பத்து இலட்சத்தில் ஒரு பங்கு அளவில் அது கறையைப் பெரிதும் தவிர்த்துப் பல்லைக் காக்கும் என்று காட்டினார். 1945-இல் கிராண்ட் ராபிட்ஸ் நகரின் குடிநீரில் அதைக் கலந்தனர். அதன்பின் பிறந்த குழந்தைகளிடம் சொத்தை அறுபது சதவீதத்துக்கு மேல் குறைந்ததெனப் பதினோரு ஆண்டுகளுக்குப் பின் அறிவித்தனர். 1959-இல் மறைந்த மெக்கே அதையும் கண்டு சென்றார்.

என் பெற்றோரின் ஊர் தருமபுரிப் பக்கம். அங்குப் பல கிணறுகளில் புளோரைடு மிகுதி. அதனால் கறைபட்ட பல்லோடு வடக்கே படிக்க வந்தவனைப் பல் துலக்காதவன் என்று நகைப்பதைக் கேட்டிருக்கிறேன். மெக்கேயின் வாழ்வை அறிந்தவர் அப்படி நகைக்க மாட்டார். நஞ்சாவதும் மருந்தாவதும் அளவைப் பொறுத்தன்றோ!

வாயிலுள்ள கிருமிகள் சர்க்கரையை அமிலமாக்க, அது எனாமலைக் கரைக்கிறது. உமிழ்நீர் இழந்த சுண்ணத்தை மீட்டுத் தருகிறது. புளோரைடு அருகிலிருந்தால், எளிதில் கரையாத படிகமாக அது படிகிறது. இவ்வுண்மையைக் கொண்டே பல்மேல் பூசும் வார்னிஷ் வந்தது. 1972-இல் வில்சனும் கென்ட்டும் அறிவித்த கண்ணாடி அயனோமர் சிமென்டோ, குழியை அடைத்துப் பல்லோடு ஒட்டிக்கொண்டு, சிறிது சிறிதாகப் புளோரைடையும் விடுகிறது. சொத்தையின் பரவலைத் தடுக்கும் வெள்ளிப் புளோரைடுக் கரைசலும் உண்டு. இன்னும் சிறந்த பொருள்களை உருவாக்கும் ஆராய்ச்சி இன்றும் நடைபெறுகிறது.

அதில் ஈடுபட விழையும் தோழர்களுக்கு நான் சொல்வது ஒன்றே. மெக்கேயிடம் பெரிய ஆய்வுக்கூடம் இல்லை. ஊரார் பழகிப்போன குறையைக் குறையாகவே பார்க்கும் கண் இருந்தது. நம் ஊர்க் கிணறுகளும் அத்தகைய கண்களுக்காகக் காத்திருக்கின்றன.