எட்டு மாணவிகளோடு தொடங்கிய பாடசாலை

உயர்தரத்தில் எந்தப் பிரிவைத் தெரிவது, அதன் பிறகு என்ன தொழில் என்று எங்கள் வீடுகளில் கதை எழும்போது, வைத்தியர், பொறியியலாளர், ஆசிரியை என்ற பெயர்களோடு அது முடிந்துவிடுகிறது. அந்தத் தொழிலால் யாருக்கு என்ன கிடைக்க வேண்டும் என்று கேட்பவர்கள் குறைவு. அந்தக் கேள்வியை முதலில் வைத்துத் தன் வாழ்க்கையை அமைத்துக்கொண்ட ஒரு பெண்ணைப் பற்றி இங்கே எழுதுகிறேன். அவர் வங்காளத்தின் பேகம் ரொக்கையா. முழுப் பெயர் ரொக்கையா சகாவத் ஹுசைன். எங்கள் ஊர்களில் றுகையா என்று வைக்கும் அதே பெயர்தான் வங்காளிகளின் நாவில் ரொக்கையா ஆகியிருக்கிறது.

1880ஆம் ஆண்டு, இன்றைய பங்களாதேஷின் ரங்பூர்ப் பகுதியில் பைராபந்த் என்னும் கிராமத்தில், ஜமீன்தார் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். ஆண் பிள்ளைகள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டு ஆங்கிலம் படித்தார்கள். பெண் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதத் தெரிந்தால் போதும் என்பது வீட்டு வழக்கம். வங்காள மொழி எழுத்துக்கூட அவர்களுக்கு விலக்கப்பட்டிருந்தது. ஆனாலும் ராத்தா கரீமுன்னிஸா மறைவில் வங்காளம் கற்றார், தங்கைக்கும் கற்றுக்கொடுத்தார். நானா இப்ராஹீம், வீட்டார் உறங்கிய பிறகு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். பிற்காலத்தில் ரொக்கையா தன் நூல்களில் ஒன்றை ராத்தாவுக்கும் இன்னொன்றை நானாவுக்கும் காணிக்கையாக்கினார். பாடசாலையின் படியையே மிதிக்காத அந்தப் பிள்ளைக்குக் கிடைத்த ஆசிரியர்கள் இவர்கள் இருவரும்தான்.

பதின்ம வயதைத் தாண்டுமுன்பே அவருக்குத் திருமணம் முடிந்தது. மாப்பிள்ளை சகாவத் ஹுசைன், பீஹாரின் பாகல்பூரில் பிரதி மாஜிஸ்திரேட். மனைவியை இழந்தவர், வயதில் மிகவும் மூத்தவர். இந்த ஏற்பாடு இன்று வாசிக்கும் எங்களுக்கு நெருடத்தான் செய்யும். ஆனால் அந்த மனிதர் மனைவியின் கையிலிருந்து பேனாவைப் பறிக்கவில்லை; எழுதச் சொல்லித் தூண்டினார். 1905இல் ரொக்கையா ஆங்கிலத்தில் எழுதிய ‘சுல்தானாவின் கனவு’ மதராஸிலிருந்து வெளிவந்த ‘இந்தியன் லேடீஸ் மகசின்’ இதழில் அச்சானது. பெண்கள் விஞ்ஞானத்தின் துணையோடு நாட்டை ஆள, ஆண்கள் வீட்டுக்குள் இருக்கும் ஒரு கற்பனை நாட்டின் கதை அது. சூரிய வெப்பத்தைக் கொண்டு சமைப்பதையெல்லாம் அன்றே எழுதிவிட்டார்!

இரண்டு பெண் குழந்தைகள் பிறந்து, சில மாதங்களிலேயே இரண்டும் இறந்தன. நீரிழிவு நோயால் கண்பார்வை இழந்த கணவர் 1909இல் காலமானார். அப்போது ரொக்கையாவுக்கு 28 வயது. பிள்ளையில்லாத விதவை தாய்வீட்டில் ஒதுங்கி இருப்பதுதான் அன்றைய வழமை.

இந்த இடத்தில்தான் திட்டமிடல் என்ற சொல்லுக்கு எனக்குப் பொருள் விளங்குகிறது. பெண்களுக்கு ஒரு பாடசாலை வேண்டும் என்பது கணவரும் மனைவியும் முன்பே பேசி வைத்த விடயம். அதற்கென்று கணவர் 10,000 ரூபாயை ஒதுக்கி வைத்திருந்தார். துக்கம் ஆறுவதற்கு முன்பே, அதே ஆண்டில், ஐந்து மாணவிகளோடு பாகல்பூரில் பாடசாலை தொடங்கியது. ஆனால் சொத்துத் தொடர்பாகக் கணவரின் குடும்பத்தில் எழுந்த பிணக்கினால் அந்த ஊரில் இருக்க முடியாமற் போயிற்று. அவர் கல்கத்தாவுக்குப் போனார். 1911 மார்ச் 16ஆம் திகதி, வலியுல்லா லேன் 13ஆம் இலக்க வீட்டில், எட்டு மாணவிகளோடு சகாவத் நினைவுப் பாடசாலை மீண்டும் தொடங்கியது. ஊர் மாறியது. நோக்கம் அப்படியே இருந்தது.

பாடசாலை எப்படி நடக்கும் என்பதே அவருக்குத் தெரியாது. நேரசூசி எப்படிப் போடுவது, வகுப்பை எப்படிப் பிரிப்பது என்று யாரும் சொல்லித் தந்ததில்லை. ஆகவே கல்கத்தாவில் அப்போது இயங்கிய மற்றப் பெண்கள் பாடசாலைகளுக்குப் போய், அங்கு நடப்பதைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார். அதிபரான பின் மாணவியைப்போல் மற்றவர்களின் வகுப்பறைகளுக்குப் போவதற்கு ஒரு மனத்துணிவு வேண்டும். அவருடைய எழுத்துகளைவிட இந்தச் செயலே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

அடுத்த சிக்கல் ஆசிரியைகள். படிப்பிக்கத் தெரிந்த முஸ்லிம் பெண்கள் வங்காளத்தில் கிடைக்காததால், மதராஸ், கயா, ஆக்ரா போன்ற இடங்களிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தது. ஆசிரியைகளைப் பயிற்றுவிக்க ஓர் இடம் வேண்டும் என்று அவர் அரசாங்கத்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். 1919இல் கல்கத்தாவில் முஸ்லிம் பெண்களுக்கான பயிற்சிப் பாடசாலை உருவானது. ஓதல், மொழிகள் என்பவற்றோடு முதலுதவி, நோயாளர் பராமரிப்பு, தையல், சமையல், உடற்பயிற்சி எல்லாம் அவருடைய பாடத்திட்டத்தில் இருந்தன.

பெற்றோரிடம் அவர் நடந்துகொண்ட விதம் தனியே சொல்லப்பட வேண்டியது. பர்தாவின் பெயரால் பெண்களை அடைத்து வைக்கும் வழக்கத்தைக் கடுமையாகச் சாடி எழுதியவர், வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைக் கேட்டபோது தானும் புர்கா அணிந்தே போனார். பாடசாலைக்கு வரும் வண்டி நான்கு பக்கமும் மூடியிருக்கும் என்று வாக்களித்தார். மோட்டார் பஸ் வந்தபோது அதுவும் அப்படியே மூடப்பட்டது. இருட்டும் வெக்கையும் தாங்காமல் பிள்ளைகள் மயங்கினார்கள், வாந்தியெடுத்தார்கள். தாய்மார் முறையிட்டதும் மூடியதைத் திறந்து திரைச்சீலை போட்டார். காற்றில் திரை விலகுகிறது என்று இன்னொரு சாரார் கண்டித்துக் கடிதம் எழுதினார்கள். இரண்டு பக்கத்தையும் அவர் தாங்கிக்கொண்டார். இந்த விட்டுக்கொடுப்பைக் குறையாகச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெற்றோரின் நம்பிக்கை போனால் பிள்ளை வீட்டில் நின்றுவிடுவாள். பிறகு யாருக்காகப் பாடசாலை? 1915ஆம் ஆண்டளவில் எட்டுப் பேர் 84 பேராகியிருந்தார்கள்.

இதை மகிழ்ச்சியான கதையாக மட்டும் சொல்ல எனக்கு விருப்பமில்லை. வங்கி முறிவினால் பாடசாலைக்கென்று வைத்திருந்த பணத்தை இழந்தார். வங்காள மொழிப் பிரிவைத் தொடங்கியபோது போதிய பிள்ளைகள் சேரவில்லை. வசைச் சொற்கள் ஓயவில்லை. இவற்றுக்கு நடுவே 1916இல் முஸ்லிம் பெண்கள் சங்கமொன்றை நிறுவி, விதவைகளுக்கு உதவுவது, சேரிப் பெண்களுக்கு எழுத்தறிவு கொடுப்பது என்று வேலையை இன்னும் விரித்தாரே தவிரச் சுருக்கவில்லை. மனநிறைவான தொழில் என்றால் களைப்பில்லாத தொழில் என்று நினைக்கும் எங்களைப் போன்றவர்கள் அவருடைய அந்த இருபது ஆண்டுகளை ஆறுதலாக வாசிக்க வேண்டும்.

1932 டிசம்பர் 8ஆம் திகதி இரவு அவர் மேசையில் அமர்ந்து பெண்களின் உரிமை பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார். மறுநாள் அதிகாலையில் காலமானார். கட்டுரை பாதியில் நிற்கிறது. பாடசாலை பின்னர் அரசாங்கப் பாடசாலையாகி, இன்றும் கல்கத்தாவில் நடந்துகொண்டிருக்கிறது.