சிரிக்க வைக்கும் மெட்டு, அழ வைக்கும் வரி: யார் இந்த சந்திரபாபு?

விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறையில் வேலை பார்ப்பவராக இருக்கலாம், சென்னை ஓஎம்ஆரில் கேப் பிடித்து ஆபீஸ் போகிறவராக இருக்கலாம். ரேடியோவில் சந்திரபாபு குரல் வந்தால் கால் தானாகத் தாளம் போடும். பாட்டு முடிந்தபிறகுதான் டக்கென்று ஒன்று உறைக்கும். இவ்வளவு நேரம் ஜாலியாகக் கேட்ட பாட்டு, தோற்றுப்போன ஒரு மனிதனைப் பற்றியது!

அவர் இறந்து அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. ஆனால் யூடியூபில் அவர் பாட்டுக்குக் கீழே இன்றைய தலைமுறையும் வந்து கமெண்ட் போடுகிறது. சிரிப்பையும் சோகத்தையும் ஒரே பாட்டுக்குள் அவர் எப்படிக் கொண்டுவந்தார்? அவர் வாழ்க்கைக்கும் அந்தப் பாட்டுகளுக்கும் என்ன தொடர்பு?

தூத்துக்குடி டு கொழும்பு

1927 ஆகஸ்ட் மாதம் தூத்துக்குடியில் பிறந்தவர் சந்திரபாபு. இயற்பெயர் ஜோசப் பனிமயதாஸ். பனிமய மாதா கோயிலும், ஆகஸ்ட் 5-ம் தேதி நடக்கும் அதன் திருவிழாவும் தூத்துக்குடிக்காரர்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பது தெரிந்தால், அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்பதும் புரியும்.

அப்பா ரோட்ரிக்ஸ் சுதந்திரப் போராட்ட வீரர், பத்திரிகைக்காரர். சத்தியாகிரகத்தில் பங்கேற்றதால் ஆங்கிலேய அரசின் நடவடிக்கைக்கு ஆளாகி, குடும்பத்தோடு இலங்கை போக வேண்டிய நிலை வந்தது. சந்திரபாபு வளர்ந்ததும் படித்ததும் கொழும்பில். துறைமுக நகரம் என்பதால் மேற்கத்திய இசையும் நடனமும் அங்கே சகஜம். பின்னாளில் தமிழ் சினிமாவுக்கே புதிதாகத் தெரிந்த அவருடைய ஸ்டைலுக்கு விதை விழுந்தது அங்கேதான்.

1940-களில் குடும்பம் சென்னைக்கு வந்தது. 1947-ல் வெளியான ‘தன அமராவதி’ படத்தில் சந்திரபாபு சின்ன வேடத்தில் அறிமுகமானார். அதற்கு அப்புறம் வாய்ப்பு வரவில்லை. ஸ்டூடியோ ஸ்டூடியோவாக ஏறி இறங்கினார். பல நாள் பட்டினி.

நீதிமன்றத்தில் ஒரு தீக்குச்சி

1952-ல், வாய்ப்புக்காகக் காத்துக் காத்து மனம் உடைந்த சந்திரபாபு, ஜெமினி ஸ்டூடியோ வளாகத்திலேயே உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். காப்பாற்றப்பட்டார். அந்தக் காலச் சட்டப்படி தற்கொலை முயற்சி குற்றம் என்பதால், வழக்கு நீதிமன்றம் போனது.

அங்கே நடந்ததாகச் சொல்லப்படும் சம்பவம் இன்றுவரை பேசப்படுகிறது. காரணம் கேட்ட நீதிபதியின் முன்னால் ஒரு தீக்குச்சியைக் கொளுத்தித் தன் கையைச் சுட்டுக்கொண்டாராம். காயத்தை மற்றவர்கள் பார்க்கலாம், வலி அனுபவிப்பவனுக்கு மட்டும்தான் தெரியும் என்று விளக்கினாராம். அவர் எச்சரிக்கையோடு விடுவிக்கப்பட்டார்.

அதே ஆண்டில் ஜெமினியின் ‘மூன்று பிள்ளைகள்’ படத்தில் அவருக்கு வேடம் கிடைத்தது. எந்த வாசலில் மனம் உடைந்தாரோ, அதே வாசல் திறந்தது.

‘யோடலிங்’ என்றால் என்ன?

சந்திரபாபு பாட்டில் குரல் திடீரென்று மேலே தாவி, அதே வேகத்தில் கீழே இறங்குவதைக் கேட்டிருப்பீர்கள். அதற்குப் பெயர் யோடலிங். ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் ஆடுமாடு மேய்ப்பவர்கள் ஒருவரை ஒருவர் கூப்பிடப் பயன்படுத்திய முறை இது.

நாம் சாதாரணமாகப் பேசுவது நெஞ்சுக் குரலில். அதிலிருந்து மெல்லிய பொய்க்குரலுக்குப் போகும்போது நடுவில் ஒரு ‘உடைப்பு’ வரும். பெரும்பாலான பாடகர்கள் அந்த உடைப்பு வெளியே தெரியாமல் இருக்கப் பல வருடம் பயிற்சி எடுப்பார்கள். யோடலிங் பாடுபவர் செய்வது நேர் எதிர். அந்த உடைப்பைத்தான் அவர் எல்லோருக்கும் கேட்கும்படி காட்டுகிறார்.

இதைச் சோகத்தோடு சேர்த்தவர் அமெரிக்கப் பாடகர் ஜிம்மி ரோட்ஜர்ஸ். ‘ப்ளூ யோடல்’ என்ற அவருடைய பாட்டு பதிவானது 1927-ல், அதாவது சந்திரபாபு பிறந்த வருடம். கிண்டல், வீராப்பு, வலி மூன்றும் கலந்த பாட்டு. ரோட்ஜர்ஸ் காசநோயால் 1933-ல், 35 வயதில் இறந்தார். இந்தியில் கிஷோர் குமார் யோடலிங்கைக் கலக்கினார் என்றால், தமிழில் அதைப் பிரபலமாக்கியவர் சந்திரபாபுதான்.

அவர் பாடியது தனக்காக மட்டும் அல்ல. 1954-ல் வந்த ஏவி.எம்-மின் ‘பெண்’ படத்தில், பின்னாளில் வீணை மேதையாகக் கொண்டாடப்பட்ட எஸ். பாலசந்தருக்குப் பின்னணி பாடியதும் அவரே.

உச்சத்தில் ஒரு நகைச்சுவை நடிகர்

1950-களின் இரண்டாம் பாதி அவருடைய காலம். 1957-ல் ‘புதையல்’ படத்துக்காகப் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எழுதிய காதல் பாட்டு, 1959-ல் ‘மரகதம்’ படத்தில் ஜமுனாராணியோடு பாடிய ‘குங்குமப்பூவே’ என வரிசையாக ஹிட்.

1958-ல் ‘சபாஷ் மீனா’ வந்தது. சிவாஜி கணேசனுக்கு இணையாக, இரட்டை வேடத்தில் சந்திரபாபு. இந்தியில் ‘தில் தேரா தீவானா’ என்று ரீமேக் ஆனபோது, நகைச்சுவை வேடத்தில் நடித்த மெஹ்மூதுக்கு ஃபிலிம்ஃபேர் விருது கிடைத்தது. 90ஸ் கிட்ஸுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், கார்த்திக், கவுண்டமணி நடித்த ‘உள்ளத்தை அள்ளித்தா’வுக்கும் மூலம் இந்தக் கதைதான்.

‘சகோதரி’ கதை இன்னும் சுவாரசியம். படம் எடுத்தபிறகு ஏவி. மெய்யப்ப செட்டியாருக்குத் திருப்தி வரவில்லை. சந்திரபாபுவை அழைத்து, பால்காரர் வேடத்தில் ஒரு தனி காமெடி டிராக்கைச் சேர்த்தார். 1959-ல் வெளியான படம் ஓடியது.

மெட்டு ஒரு பக்கம், வரி ஒரு பக்கம்

அதே ‘சகோதரி’யில், தன்னைத் தானே முட்டாள் என்று ஊருக்கு அறிவித்துக்கொள்ளும் ஒரு பாட்டு வரும். எழுதியவர் கண்ணதாசன். 1962-ல் ‘அன்னை’ படத்திலும் அதே கூட்டணி. அறிவுக்கும் வெற்றிக்கும் சம்பந்தமே இல்லை, காதலிப்பவர்கள் எல்லாம் சேர்ந்து வாழ்வதும் இல்லை என்பதுதான் அந்தப் பாட்டின் வாதம். இரண்டு பாட்டையும் தாளில் எழுதிப் படித்தால் தத்துவச் சோகம். சந்திரபாபு பாடிக் கேட்டால் முகத்தில் புன்னகை.

இது எப்படி நடக்கிறது? துள்ளும் தாளம், குறும்பான உச்சரிப்பு, நடுவில் சறுக்கி ஓடும் குரல் எல்லாம் சேர்ந்து நம்மை முதலில் சிரிக்க வைத்துவிடும். மனசு இளகி இருக்கும் அந்த நேரத்தில் வரி உள்ளே இறங்கிவிடும். நேரடியாக அழுது பாடியிருந்தால் ‘ஐயோ பாவம்’ என்று கடந்துபோயிருப்போம். சிரித்துக்கொண்டே சொல்வதால், அது நம் கதையாகவும் ஆகிவிடுகிறது.

இதே விளையாட்டைப் பிரிட்டனின் ‘புரோக்ரெசிவ் ராக்’ இசைக்குழுக்கள் 1960-களின் இறுதியில் ஆடின. ‘சாஃப்ட் மெஷின்’ குழுவில் டிரம்ஸ் வாசித்துப் பாடிய ராபர்ட் வயட்டிடம் அசட்டு நகைச்சுவையும் ஆழ்ந்த சோகமும் சேர்ந்தே இருந்தன. 1973-ல் ஜன்னலிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்த பிறகு, 1974-ல் அவர் வெளியிட்ட ‘ராக் பாட்டம்’ ஆல்பத்திலும் சோகத்தின் நடுவே அந்தக் குறும்பு தொடர்ந்தது. கோடம்பாக்கத்துக்கும் லண்டனுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் சிரிப்பும் சோகமும் எதிரிகள் இல்லை என்பதை இரண்டு ஊர்க்காரர்களும் கண்டுபிடித்திருந்தார்கள்.

கவலை இல்லாத மனிதனின் கவலைகள்

1958-ல் சந்திரபாபுவுக்குத் திருமணம் நடந்தது. அது நீடிக்கவில்லை. தனக்கு முன்பே ஒரு காதல் இருந்ததை மனைவி சொன்னதும், அவர் விருப்பப்படியே போக அனுமதித்துவிட்டார் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. பாக்யராஜின் ‘அந்த 7 நாட்கள்’ படத்துக்கு (1981) இதுவே தூண்டுதல் என்றும் சொல்வார்கள்.

1960-ல் கண்ணதாசன் சொந்தமாகத் தயாரித்த படம் ‘கவலை இல்லாத மனிதன்’. ஹீரோ சந்திரபாபு. வாழ்க்கையின் இரு முனையிலும் அழுகைதான், நடுவில் கிடைப்பதையாவது சிரித்துக் கழி என்ற பொருளில் கண்ணதாசன் எழுதி, விஸ்வநாதன் – ராமமூர்த்தி இசையில் சந்திரபாபு பாடிய பாட்டு இதில்தான். பாட்டு ஹிட், படம் தோல்வி. தயாரிப்பாளருக்குக் கடன். படப்பிடிப்புக்கு வராமல் சந்திரபாபு எவ்வளவு அலைக்கழித்தார் என்று கண்ணதாசன் பிறகு வருத்தத்தோடு எழுதினார்.

இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். சந்திரபாபு வெறும் பாவப்பட்ட மனிதர் இல்லை. மனதில் பட்டதைப் பட்டென்று சொல்வார், பெரிய நட்சத்திரங்களைப் பற்றியும்தான். அந்தத் துணிச்சல் சிலருக்குப் பிடித்தது, பலருக்கு உறுத்தியது. குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் முன்னிலையில் பாடிவிட்டு, பாராட்டிய அவர் மடியிலேயே போய் உட்கார்ந்துவிட்டார் என்பது அவரைப் பற்றிய பிரபலமான கதை.

‘மாடி வீட்டு ஏழை’

எம்.ஜி.ஆரை ஹீரோவாக வைத்து ஒரு படம் இயக்க ஆசைப்பட்டார் சந்திரபாபு. பெயர் ‘மாடி வீட்டு ஏழை’. படப்பிடிப்பு தொடங்கியது, ஆனால் கால்ஷீட் பிரச்னையில் பாதியில் நின்றது. அதில் போட்ட பணம் திரும்பவில்லை. கார் மாடிவரை ஏறிப் போகும்படி ஆசை ஆசையாகக் கட்டிய வீடும் கையை விட்டுப் போனது. படத்தின் தலைப்பு அவருக்கே பொருந்திப்போனது.

1966-ல் ‘தட்டுங்கள் திறக்கப்படும்’ படத்தை இயக்கி, தானே நடித்தார். அதுவும் கைகொடுக்கவில்லை. அதற்குள் நாகேஷ் முன்னணிக்கு வந்திருந்தார். குடியும் போதைப் பழக்கமும் சந்திரபாபுவின் உடலைக் கெடுத்தன. ‘அடிமைப் பெண்’ (1969) போன்ற படங்களில் சில வேடங்கள் கிடைத்தாலும், பழைய இடம் திரும்பவில்லை. 1974 மார்ச்சில், 46 வயதில் காலமானார். சென்னை சாந்தோம் பகுதியில் உள்ள கிவிபில் தீவுக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.

சிரிப்புக்குப் பின்னால் சோகமா?

வெளியே சிரித்தார், உள்ளே அழுதார் என்று அவரைப் பற்றி ஒரே வரியில் சொல்லிவிடுவது வழக்கம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பாட்டுகள் வேறு கதை சொல்கின்றன. அவர் சோகத்தைச் சிரிப்புக்குப் பின்னால் ஒளித்து வைக்கவே இல்லை. தோல்வி, ஏமாற்றம், குழப்பம் எல்லாவற்றையும் மைக் முன்னால் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி பாடினார். யோடலிங்கில் குரல் உடைவதை மறைக்காமல் காட்டியதுபோலவே இதையும் காட்டினார். சிரித்த அவசரத்தில் கவனிக்காமல் விட்டது நாம்தான்.

இன்றும் ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் தன் கஷ்டத்தையே மீம் ஆக்கிப் போடும் ஒரு நண்பர் எல்லோருக்கும் இருப்பார். அடுத்த முறை அவருக்கு ஒரு சிரிப்பு ஸ்மைலி போட்டுவிட்டு நகராமல், ஒரு போன் போட்டுப் பேசிப் பாருங்கள்.

(மன அழுத்தமோ தற்கொலை எண்ணமோ இருந்தால் தயங்காமல் உதவி கேளுங்கள். தமிழக அரசின் சுகாதார உதவி எண்: 104. மத்திய அரசின் டெலி மனஸ் எண்: 14416.)