தாலிமெரன் ஆவோ

தாலிமெரன் ஆவோ (சனவரி 28, 1918 – செப்டம்பர் 13, 1998) இந்தியக் காற்பந்தாட்ட வீரரும் மருத்துவரும் ஆவார். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் ஒலிம்பிக் காற்பந்து அணிக்குத் தலைமை தாங்கியவர் இவரே. தடுப்பாட்டத்தில் சிறந்து விளங்கிய இவர், கல்கத்தாவின் மோகன் பகான் கழகத்துக்காக விளையாடினார். பின்னர் நாகாலாந்து மாநிலத்தின் சுகாதாரத்துறை இயக்குநராகப் பணியாற்றினார். விளையாட்டு உலகில் டாக்டர் டி. ஆவோ என்றே பரவலாக அறியப்படுகிறார்.

இளமைக்காலம்

அன்றைய அசாம் மாகாணத்தின் நாகா மலைப்பகுதியில் உள்ள சாங்கி என்னும் சிற்றூரில் ஆவோ நாகர் குடும்பம் ஒன்றில் பிறந்தார். இவ்வூர் தற்போது நாகாலாந்தின் மொகோக்சுங் மாவட்டத்தில் உள்ளது. தந்தை கிறித்தவ சமயப் போதகர். குடும்பம் பெரியது. இம்பூர் என்னும் ஊரில் இருந்த சமயப் பணிமனை வளாகத்தில் வளர்ந்த சிறுவன், கந்தல் துணிகளைச் சுற்றிச் செய்த பந்தைக் கொண்டே ஆடப் பழகினான். 1935 ஆம் ஆண்டு தந்தை காலமானார். மகன் மருத்துவம் கற்றுத் தன் மக்களுக்குத் தொண்டு செய்ய வேண்டும் என்பது அவருடைய விருப்பம். இவரது வாழ்வின் பிற்கால முடிவுகள் பலவும் அந்த விருப்பத்தைச் சுற்றியே அமைந்தன.

சோர்காட்டில் பள்ளிக் கல்வியை முடித்தபின் குவகாத்தியின் காட்டன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கு மகாராணா கழகத்துக்காக ஆடியபோது இவர் முன்கள ஆட்டக்காரர்; கோல் அடிப்பதே இவர் வேலை. 1942 இல் மருத்துவம் பயிலக் கல்கத்தா சென்று கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் (பின்னாளில் ஆர். ஜி. கர் மருத்துவக் கல்லூரி) சேர்ந்தார்.

மோகன் பகானில்

1943 இல் மோகன் பகான் கழகத்தில் சேர்ந்தார். இங்குதான் இவரது ஆட்டத்தில் பெரும் மாற்றம் நிகழ்ந்தது. முன்களத்தில் ஆடி வந்தவர் நடுத் தடுப்பாட்டக்காரராக மாறினார். அக்காலத்து அணிகள் பின்னால் இருவர், இடையில் மூவர், முன்னால் ஐவர் என்ற ஒழுங்கில் நின்று ஆடின. இடை வரிசையின் நடுவில் நிற்பவருக்கு எதிரணியின் நடு முன்கள வீரரைத் தடுப்பதும், பறித்த பந்தை முன்னால் உள்ள ஐவருக்குப் பகிர்ந்தளிப்பதும் என இரட்டைப் பொறுப்பு இருந்தது. அதாவது ஆட்டத்தின் அச்சாணி அவரே. தாக்கி ஆடும் மனப்பாங்கை அறிந்த ஒருவர் தடுப்பாட்டத்துக்கு வந்தது கழகத்துக்கு நன்மையாகவே முடிந்தது. விரைவிலேயே கழகத்தின் தலைமைப் பொறுப்பும் இவருக்கு வந்தது.

மோகன் பகான் 1943, 1944 ஆண்டுகளில் கல்கத்தா கூட்டிணைவை வென்றது. 1947, 1948 ஆண்டுகளில் ஐ. எஃப். ஏ. கேடயத்தையும் வென்றது. இந்தக் கேடயத்தை அக்கழகம் முன்பு வென்றது 1911 இல் என்பதை நினைத்தால் இந்த வெற்றியின் அருமை விளங்கும். இவை எளிதான ஆண்டுகள் அல்ல. 1943 இல் வங்காளத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. 1944 இல் சப்பானியப் படை கோகிமா வரை வந்து, அந்நகரம் போரில் சிதைந்தது.

1948 இலண்டன் ஒலிம்பிக்

1947 ஆகத்து 14 அன்று நாகா தேசியப் பேரவை நாகர்களின் தனி விடுதலையை அறிவித்திருந்தது. ஓராண்டு நிறைவதற்குள் நாகர் ஒருவர் வெம்பிளி அரங்கத்தில் இந்திய அணியினரின் முன்னால் தேசியக் கொடியை ஏந்திச் சென்றார். அவர் ஆவோ. காற்பந்து அணியின் தலைவரும் அவரே.

முதல் சுற்றில் பர்மா வராததால் இந்தியா ஆடாமலேயே முன்னேறியது. சூலை 31, 1948 அன்று இல்ஃபோர்டு நகரின் கிரிக்கிள்ஃபீல்டு திடலில் பிரான்சுடன் ஆட்டம் நடந்தது. இந்திய அணியில் பெரும்பாலோர் காலணி இன்றி ஆடியது இங்கிலாந்து இதழ்களுக்கு வியப்பாக இருந்தது. (மரக்காணம் உப்பளக் கரையோரச் சிற்றூர்களிலோ வேறு கடற்கரை ஊர்களிலோ வெறுங்காலுடன் பந்தாடி வளர்ந்தவர்களுக்கு இதில் வியப்பேதும் இராது.) காலணி இல்லாதது குறித்துச் செய்தியாளர் கேட்டபோது, தாங்கள் ஆடுவது காலால் ஆடும் பந்தாட்டம், காலணியால் ஆடுவதன்று என்ற பொருளில் ஆவோ நகைச்சுவையாக விடையளித்ததாகக் கூறப்படுகிறது.

30 ஆவது நிமிடத்தில் பிரான்சு முந்தியது. 70 ஆவது நிமிடத்தில் மைசூரைச் சேர்ந்த சாரங்கபாணி ராமன் சமன் செய்தார். ஒலிம்பிக்கில் இந்தியா அடித்த முதல் கோல் அது. இந்தியாவுக்குக் கிடைத்த இரண்டு தண்டனை உதைகளும் வீணாயின. அவற்றுள் ஒன்றைத் தவறவிட்டவர், பிற்காலத்தில் இந்திய அணிக்குத் தலைமையேற்ற சைலன் மன்னா. 89 ஆவது நிமிடத்தில் பிரான்சு மீண்டும் கோல் அடித்து 2–1 என வென்றது. அந்த உதைகளுள் ஒன்றேனும் கோலாகியிருந்தால் ஆட்டத்தின் போக்கு வேறாக இருந்திருக்கும். எனினும், தோற்ற அணியே பார்வையாளரின் பாராட்டைப் பெற்றது. தொடர்ந்து ஐரோப்பாவில் ஆடிய நட்பு ஆட்டங்களுள் ஒன்றில் நெதர்லாந்தின் அயாக்சு கழகத்தை இந்தியா வென்றது.

இங்கிலாந்தின் ஆர்சனல் கழகம் இவரைத் தன் அணியில் சேர்க்க விரும்பியதாகவும், மருத்துவப் படிப்பை முடிப்பதற்காக இவர் மறுத்ததாகவும் சொல்லப்படுவதுண்டு. இச்செய்தி எவ்வாறாயினும், இவர் கல்கத்தாவுக்குத் திரும்பி வந்து படிப்பைத் தொடர்ந்தார் என்பது உண்மை.

மருத்துவப் பணி

1950 இல் மருத்துவப் பட்டம் பெற்றார். கல்லூரியில் சேர்ந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. திடலில் கழிந்த மாலைப்பொழுதுகளுக்கும் அதில் பங்கு இருந்திருக்கும். அதன்பின் புகழின் உச்சியில் இருந்த கல்கத்தாவை விட்டுத் தன் மலைக்கே திரும்பினார். காற்பந்தாட்டம் அப்போது ஆட்டக்காரருக்குப் பெரிய வருவாய் தரவில்லை என்பது உண்மையே. ஆயினும் கல்கத்தாவில் மருத்துவராக அமர்வதற்கு அவருக்குத் தடையேதும் இருக்கவில்லை.

கோகிமா மருத்துவமனையில் உதவிக் குடிமை அறுவை மருத்துவராகப் பணியாற்றினார். 1950களின் நடுப்பகுதியில் அப்பகுதியில் ஆயுதப் போராட்டம் மூண்டது. 1958 இல் ஆயுதப் படைகளுக்கான சிறப்பு அதிகாரச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அத்தகைய காலத்தில் அங்கு மருத்துவப் பணி செய்த மிகச் சில நாகர்களுள் இவரும் ஒருவர். 1963 திசம்பர் 1 அன்று நாகாலாந்து தனி மாநிலம் ஆனபின் அதன் சுகாதாரத்துறை இயக்குநர் பொறுப்பை ஏற்று, 1978 இல் ஓய்வு பெற்றார்.

இறப்பு

ஆவோ 1998 செப்டம்பர் 13 அன்று திமாப்பூரில் தமது 80 ஆவது அகவையில் காலமானார். அசாமின் கலியாபோரில் உள்ள விளையாட்டரங்கம் ஒன்றுக்கு இவர் பெயர் சூட்டப்பட்டுள்ளது. வடகிழக்கு மாநில அணிகளுக்கிடையே இவர் பெயரில் காற்பந்துக் கோப்பைப் போட்டியும் நடத்தப்பட்டது.