பால்கனியில் இருந்து ஒரு ஆட்சி

அரசியல் சாசனத்துல இசைக்குன்னு தனிப் பகுதி வெச்ச நாடு ஒண்ணு இருந்துச்சு. அதோட ஆயுசு நாலு மாசம் கூட இல்ல. அதை உருவாக்கினவர் ஒரு கவிஞர், கப்ரியேலே டானுன்சியோ.

1863-ல் இத்தாலியின் பெஸ்காரா நகரத்தில் பிறந்தார். ஸ்கூல் படிக்கும்போதே முதல் கவிதைத் தொகுப்பு வந்துடுச்சு. அப்புறம் நாவல், நாடகம்னு எழுதித் தள்ளி ஐரோப்பா முழுக்கப் பேர் வாங்கினார். கூடவே கடனும் வளர்ந்துச்சு. கடன்காரங்களுக்குப் பயந்து 1910-ல் பிரான்ஸுக்குக் கிளம்பிட்டார்.

முதல் உலகப்போர் வந்ததும் திரும்பி வந்து, இத்தாலி போரில் இறங்கணும்னு மேடை மேடையாப் பேசினார். பேச்சோட நிக்கல; ஐம்பது வயசைத் தாண்டின பிறகு தானே படையில சேர்ந்தார். விமானம் தரையிறங்கும்போது நடந்த விபத்துல ஒரு கண்ணுல பார்வை போச்சு. ஆனாலும் 1918 ஆகஸ்ட் 9 அன்று எதிரியின் தலைநகரான வியன்னா மேல பறந்து, குண்டுக்குப் பதிலா துண்டுப் பிரசுரங்களைக் கொட்டிட்டு வந்தார்.

போர் முடிஞ்சு ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசு உடைஞ்சப்போ, ஃபியூமே துறைமுகம் யாருக்குன்னு சண்டை. (மெக்கானிக்கல் மக்களே, வைட்ஹெட் 1866-ல் டார்பிடோவை உருவாக்கினது இந்த ஊர்லதான்!) நகரத்துல இத்தாலியர்கள் அதிகம், சுத்தி குரோவேசியர்கள். இத்தாலிக்குத் தர அமெரிக்க அதிபர் வில்சன் மறுத்தார். 1919 செப்டம்பர் 12 அன்று, அரசு உத்தரவை மீறி வந்த படைவீரர்களோட டானுன்சியோ நகருக்குள்ள நுழைஞ்சார். ஒருத்தரும் தடுக்கல.

அதுக்கப்புறம் தினமும் திருவிழாதான். அவர் பால்கனியில நின்னு கேள்வி கேட்பார். கீழே கூட்டம் ஒரே குரல்ல பதில் சொல்லும். ஆனா இத்தாலி அரசு முற்றுகை போட்டதால துறைமுகத்துல வேலை இல்ல, சாப்பாட்டுக்கும் தட்டுப்பாடு. அந்த டிசம்பர்ல இத்தாலி அரசு ஒரு சமரசத் திட்டம் கொடுத்துச்சு. மக்கள்கிட்ட வாக்கெடுப்பு நடந்துச்சு. பெரும்பான்மை சமரசத்துக்குத்தான் ஓட்டுப் போட்டுச்சு. டானுன்சியோ அந்த வாக்கெடுப்பே செல்லாதுன்னு சொல்லிட்டார்.

1920 செப்டம்பர் 8 அன்று 'கார்னாரோ ஆட்சிப்பகுதி'ன்னு தனி நாடே அறிவிச்சார். தொழிற்சங்கவாதி அல்செஸ்தே தெ அம்ப்ரிஸ் எழுதி, டானுன்சியோ மெருகேத்தின சாசனத்துல ஆண்-பெண் சமத்துவம், குறைந்தபட்சக் கூலி, முதியோர் ஓய்வூதியம், இசை எல்லாமே இருந்துச்சு. நவம்பர்ல இத்தாலியும் யூகோஸ்லாவியாவும் ராப்பல்லோவில் ஒப்பந்தம் போட்டு, ஃபியூமேவைச் சுதந்திர நகரம் ஆக்கிட்டாங்க. இவர் ஏத்துக்கல. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் இத்தாலிய ராணுவமே தாக்குச்சு. போர்க்கப்பல் சுட்ட குண்டு அவரோட மாளிகையில விழுந்துச்சு. அஞ்சு நாள் சண்டையில இரு தரப்பிலும் சேர்த்து சுமார் 50 பேர் செத்தாங்க. அவர் சரணடைஞ்சு, கார்டா ஏரிக்கரை வீட்டுக்குப் போய் 1938 வரைக்கும் வாழ்ந்தார்.

பால்கனிப் பேச்சு, கருப்புச் சட்டை, கையை நீட்டி வணக்கம்: இதையெல்லாம் முசோலினி எடுத்துக்கிட்டார். ஃபியூமே 1924-ல் இத்தாலிக்குப் போச்சு. இப்போ அது குரோவேசியாவின் ரியேக்கா.

அந்தச் சாசனத்தைப் பத்திப் படிச்சப்போ நானும் இவருக்கு ரசிகன் ஆகிட்டேன். அப்புறம்தான் அந்த டிசம்பர் வாக்கெடுப்பு பத்தித் தெரிஞ்சுது. இப்பவும் யாராவது மேடையில அழகாப் பேசினா கை தட்டத்தான் செய்றேன். ஆனா தனக்கு எதிரா ஓட்டு விழுந்தா இவர் என்ன செய்வார்னு ஒரு கேள்வியும் கூடவே வந்துடுது.